முதலில் அளவுநாடா, பிறகு ஸ்கிம்மர்

லே தம்பி, உன் கடல் மீன் தொட்டிக்கு என்று நீ அனுப்பிய ஏழு ஸ்கிம்மர் படங்களையும் பார்த்தேன். ஏழும் பளபளவென்றுதான் இருக்கின்றன. "இதுல எதைக்கா வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. அளவுநாடாவை எடு. தொட்டி, தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரி, அலமாரிக்குள் வரப்போகும் சம்ப் என்கிற கீழ்த் தொட்டி, இந்த மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுது. ஸ்கிம்மர் சம்புக்குள் உட்காருகிற பொருள். அறையை அளக்காமல் கட்டில் வாங்கினால் கட்டில் வாசலிலேயே நிற்கும்.

நம் ஊர் புன்னக்காயலில், வாசலிலேயே கடல் இருக்கும்போது வீட்டுக்குள் கண்ணாடியில் ஒரு கடல் எதற்கு என்று என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் நான் உருப்படியாகக் கற்றது அவர்களிடம்தான். கடலுக்குப் போகிறவன் எங்கே வலை விடுவது என்று யோசிப்பதற்கு முன்பு எப்படிக் கரை திரும்புவது என்று யோசிப்பான். காற்று மாறினால் என்ன செய்வது, எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று வள்ளத்தைத் தள்ளும்போதே கணக்குப் போட்டுவிடுவான். தொட்டிக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும். எல்லாம் ஓடும்போது எப்படி இருக்கும் என்று பார்த்தே நாம் சாமான் வாங்குகிறோம். கரண்ட் போய் எல்லாம் நின்றால் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்து வாங்கு. கீழே நான் சொல்வதில் பாதி அந்த ஒரு கேள்விக்குப் பதில்.

நுரையைப் புரிந்துகொள்

பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை திரளும். அம்மா கரண்டியால் வழித்து எடுத்துக் கொட்டுவாள், நினைவிருக்கிறதா? ஸ்கிம்மர் செய்வது அந்த வேலையைத்தான். மீன் போடும் கழிவு, தின்னாமல் விட்ட இரை, அழுகும் பாசி இவற்றிலிருந்து வரும் புரதமும் கொழுப்பும் தண்ணீரில் கரைந்து நிற்கும். அவற்றில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரை வெறுக்கும். தண்ணீருக்குள் காற்றுக் குமிழி வந்தால் வெறுக்கும் முனையைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு குமிழியின் மேல் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏறி நுரையாகி, குழாயின் கழுத்து வழியே கப்பில் விழும். கறுப்பாக, நாற்றமாகக் கப்பில் சேரும் தண்ணீர்தான் நீ கொடுத்த காசுக்கு வந்த பலன்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் நம் கரையில் பழுப்பாக ஒதுங்கும் நுரையும் இதே சங்கதிதான். அலை கடலைக் கலக்குகிறது, நுரை அழுக்கைத் தூக்கி வந்து மணலில் வைக்கிறது. கரை இல்லாத தொட்டிக்கு அந்தக் கப்தான் கரை.

இதில் இரண்டு விஷயம் மனதில் வை. முதலாவது, இது உப்புத் தண்ணீருக்கான கருவி. நல்ல தண்ணீரில் சின்னக் குமிழிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் அவை சேராமல் பொடியாகவே நிற்கும். உன் நண்பன் தங்கமீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் கேட்டால் வேண்டாம் என்று சொல். இரண்டாவது, ஸ்கிம்மர் அம்மோனியாவையோ நைட்ரேட்டையோ எடுக்காது. அழுக்கு அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்னால் எடுக்கும். மாறிய பிறகு அந்த வேலை பாக்டீரியாவுக்கும் பாசிக்கும் உரியது. அதனால் ஸ்கிம்மர் வாங்கியதும் மீனை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதே. பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பொறு.

சம்ப் எதற்கு

வீடுகளில் நாம் சம்ப் என்று சொல்வது தரைக்கு அடியில் தண்ணீர் தேக்கும் தொட்டியை. இதுவும் கீழே இருக்கும் தொட்டிதான், ஆனால் இதில் தண்ணீர் நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். மேல் தொட்டியின் மேற்பரப்புத் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகக் கீழே இறங்கி, சம்பின் அறைகளைக் கடந்து, ரிட்டர்ன் மோட்டார் வழியாக மேலே ஏறும். மேற்பரப்பிலிருந்து எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எண்ணெய்ப் படலமும் புரதமும் அங்கேதான் திரளும். அந்தத் தண்ணீர் முதலில் ஸ்கிம்மரைச் சந்திக்க வேண்டும்.

மற்ற பலன்களும் உண்டு. ஹீட்டர், ஸ்கிம்மர், வயர் எல்லாம் கண்ணுக்கு மறையும். மொத்தத் தண்ணீர் கூடும். அதிகத் தண்ணீரில் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் வரும், மீன் தாங்கிக்கொள்ளும்.

அளவுக் கணக்கு

உன் தொட்டி 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். 9 கன அடி. விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 255 லிட்டர். தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். பாளையங்கோட்டையில் நீ இருப்பது மாடி வீடு. அறை நடுவில் வைக்காதே, அடியில் சுவர் வரும் இடமாகப் பார்த்து, சுவரை ஒட்டி வை. வைப்பதற்கு முன் கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சம்ப் 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம் என்று செய். ஓடும்போது அதில் 8 அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். அது சுமார் 57 லிட்டர். மீதி 10 அங்குலம் காலியாக இருக்கும். "எதுக்குக்கா இவ்வளவு காலி?" என்று கேட்பாய். அந்தக் காலி இடம்தான் சம்பின் முக்கியமான பகுதி.

நான் செய்த தப்பு

என் முதல் தொட்டியில் ரிட்டர்ன் பைப்பின் வாயைத் தண்ணீருக்குள் ஆறு அங்குலம் இறக்கி வைத்திருந்தேன். சத்தம் வராது, பார்க்கவும் அழகு. வாடைக் காலத்து ராத்திரி ஒன்றில் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் அதே பைப் சைஃபனாக மாறி, மேல் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்தது. பைப் வாய்க்குக் காற்றுக் கிடைக்கும் வரை, அதாவது ஆறு அங்குலம் இறங்கும் வரை, அது நிற்கவே இல்லை.

4 அடிக்கு 1½ அடித் தொட்டியில் ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் 14 லிட்டர். ஆறு அங்குலம் 85 லிட்டர். சம்பில் காலி இடம் 70 லிட்டருக்குத்தான் இருந்தது. மீதி ஒரு குடம் உப்புத் தண்ணீர் முன்னறையில் நின்றது. அரிசி மூட்டை நனைந்தது, ஸ்விட்ச் பாக்ஸ் துருப்பிடித்தது, அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நீ இப்படிச் செய். பைப் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. அதோடு தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போடு. மட்டம் அந்த ஓட்டைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அப்போது ஒன்றரை, இரண்டு அங்குலம்தான் இறங்கும். 28 லிட்டர் என்று வைத்துக்கொள். உன் சம்பில் ஓர் அங்குலம் 7 லிட்டர், ஆக நாலு அங்குலம் ஏறி 12-இல் நிற்கும். பைப்புக்குள் கிடக்கும் தண்ணீரும் இறங்கிச் சேர்ந்தாலும் ஆறு அங்குலக் கண்ணாடியில் இடம் இருக்கிறது. அந்த ஓட்டையை மாதம் ஒருமுறை ஊசியால் குத்திப் பார். பாசியோ நத்தையோ அடைத்துவிட்டால் மறுபடியும் ஒரு குடம் தண்ணீர் தரைக்குத்தான்.

"நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டால் போதாதா?" என்று கடைக்காரர் கேட்பார். போட வேண்டுமானால் போடு, நம்பி மட்டும் இருக்காதே. உப்பும் சுண்ணாம்பும் படிந்தால் அது முழுதாக மூடாது.

அறைகளைப் பிரிப்பது

36 அங்குல நீளத்தை இப்படிப் பங்கு போடு. முதல் அறை 14 அங்குலம்: மேலிருந்து தண்ணீர் விழுவதும் ஸ்கிம்மர் உட்காருவதும் இங்கேதான். அடுத்து 3 அங்குலத்தில் மூன்று தடுப்புக் கண்ணாடி, குமிழிப் பொறி. அடுத்து 9 அங்குலம், நைட்ரேட்டை உறிஞ்சும் பாசிக்கான அறை. கடைசி 10 அங்குலம் ரிட்டர்ன் மோட்டார்.

தடுப்புகளில் முதல் கண்ணாடிக்கு மேலே, இரண்டாவதற்குக் கீழே, மூன்றாவதற்கு மேலே என்று தண்ணீர் ஏறி இறங்கிப் போக வேண்டும். ஸ்கிம்மரிலிருந்து தப்பி வரும் குமிழி இந்த வளைவில் மேலே எழுந்து உடைந்துவிடும். இல்லையென்றால் உன் மேல் தொட்டி சோடா பாட்டில் மாதிரி இருக்கும்.

முதல் தடுப்பின் உயரத்தை யோசித்து வை. ஸ்கிம்மர் அறையில் எப்போதும் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. சம்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 7 முதல் 9 அங்குல ஆழத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆழம் கூடினால் கப்பில் வெறும் தண்ணீர் வழியும், குறைந்தால் நுரை கழுத்துக்கே வராது. ஆழம் நாளுக்கு நாள் மாறினால் உன்னால் ஸ்கிம்மரை ஒருநாளும் சரிப்படுத்த முடியாது. தடுப்பு இருந்தால் ஆவியாகும் தண்ணீர் எல்லாம் கடைசி அறையில் மட்டும்தான் குறையும்.

கடைசி அறையைப் பெரிதாக வைக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். மேலே ஓவர்ஃப்ளோவில் செத்த மீனோ பாசியோ அடைத்துக்கொண்டது என்று வை. தண்ணீர் கீழே வராது, மோட்டார் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். 10 அங்குல அறையில் அதிகபட்சம் 16 லிட்டர் இருக்கும். அத்தனையும் மேலே போனால் அங்கே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் ஏறும். மேல் தொட்டியில் ஒன்றரை அங்குலம் விளிம்பு விட்டிருந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. கடைசி அறை சின்னதாக இருப்பது காவலுக்காக.

தடுப்புகளுக்கு 5 மில்லி கண்ணாடி போதும். ஒட்டுவதற்கு மீன் தொட்டிக்கு உரிய சிலிக்கான் வாங்கு. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்ததை வாங்காதே, மீனுக்கு ஆகாது. ஒட்டிய பிறகு ஒரு வாரம் காய விடு.

ஓட்டம் எவ்வளவு வேண்டும் என்றால், மணிக்குத் தொட்டித் தண்ணீரின் மூன்று முதல் ஐந்து மடங்கு சம்ப் வழியே போனால் போதும். உனக்கு 1000 லிட்டர் சரியாக இருக்கும். மோட்டார் பெட்டியில் எழுதியிருப்பது உயரம் ஏற்றாதபோது வரும் அளவு. நாலு அடி ஏற்றினால் பாதியாகக்கூடக் குறையும். 2000 லிட்டர் மோட்டார் வாங்கி, பால் வால்வ் வைத்துக் குறைத்துக்கொள். வால்வுக்குப் பக்கத்தில் யூனியன் வை, கழற்றிக் கழுவ வசதி.

இப்போது ஸ்கிம்மர்

பெட்டியில் "500 லிட்டர் தொட்டிக்கு" என்று இருந்தால் நாலைந்து மீன் மட்டும் இருக்கும் தொட்டி என்று அர்த்தம் எடுத்துக்கொள். உன்னிடம் மேலும் கீழும் சேர்ந்து, கல் அடைக்கும் இடம் போக, 260 லிட்டர் சுற்றும். மிதமாக மீன் வைப்பாய் என்றால் அந்த 500 உனக்குச் சரியாக இருக்கும். "பெருசா இருந்தா நல்லதுதானக்கா" என்று 1000 லிட்டர் ஸ்கிம்மருக்குப் போகாதே. அகலமான கழுத்தை நிரப்ப உன் தொட்டியில் அவ்வளவு அழுக்கு இருக்காது. நுரை பாதி வழி ஏறி உடைந்து விழும். பெரிய அண்டாவில் ஒரு பிடிப் பருப்பைக் கொதிக்க வைத்த மாதிரி.

வாங்கும்போது இவற்றைப் பார்:

முள் சக்கரம் இருக்கிறதா? மோட்டாருக்குள் சுற்றும் சக்கரத்தில் பூரான் கால் மாதிரி முட்கள் இருக்கும். அவை காற்றைப் பொடியாக அரைக்கும். அதே அளவு காற்றைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் அழுக்கு ஒட்டும் பரப்பு இரண்டு மடங்காகும். மரக்கட்டை வழியாக ஏர் பம்பால் காற்று விடும் பழைய வகை விலை குறைவு, சின்னத் தொட்டிக்குப் போதும். ஆனால் அந்தக் கட்டை ஒன்றிரண்டு மாதத்தில் அடைத்துக்கொள்ளும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்று எவ்வளவு இழுக்கிறது? மோட்டார் எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளுகிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீ கேட்க வேண்டியது மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்பதை. அதைச் சொல்லாத கம்பெனியை விட்டுத் தள்ளு.

உட்காருமா? அடிப்பாகம் 14-க்கு 12 அறைக்குள் தாராளமாக இறங்க வேண்டும், மோட்டாரும் சேர்த்து. உயரத்தையும் பார். ஸ்கிம்மர் 20 அங்குலம், அலமாரி 21 அங்குலம் என்றால் ஸ்கிம்மர் உள்ளே போகும், கப்பை மட்டும் கழற்ற முடியாது. மேலே நாலு அங்குலம் இடம் விடு.

உதிரி கிடைக்குமா? மோட்டாரின் சக்கரமும் ஷாஃப்டும் தனியாகக் கிடைக்காத ஸ்கிம்மரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. ஒரு சக்கரம் கூடுதலாக வாங்கி வை. உடைவது சனிக்கிழமை சாயங்காலமாகத்தான் இருக்கும்.

கரண்ட் எவ்வளவு குடிக்கிறது? 24 மணி நேரமும் ஓடுகிற பொருள். டிசி மோட்டார் விலை கூடுதல், ஆனால் கரண்ட் குறைவு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

கப்பலில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஆசையாக ஒரு ஸ்கிம்மர் வாங்கிவந்து கொடுத்தார். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தேன், ஓடவும் செய்தது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிஷத்துக்கு 3600 சுற்றச் செய்த சக்கரம் இங்கே 3000 தான் சுற்றியது. காற்று குறைந்தது, நுரை வரவே இல்லை. சவுதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான். துபாய், கத்தார் 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து யாரையாவது வாங்கிவரச் சொன்னால், வாங்கும் முன் பெட்டியில் இருக்கும் ஹெர்ட்ஸ் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

முதல் இரண்டு வாரம்

புது ஸ்கிம்மரை வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கழுவு. அச்சு வார்த்தபோது ஒட்டிய எண்ணெய் போக வேண்டும். பிறகும் ஒரு வாரம், பத்து நாள் அது பைத்தியம் மாதிரி நடந்துகொள்ளும். ஒரு நாள் பொங்கும், மறுநாள் சும்மா கிடக்கும். தினமும் திருகாதே. குமிழியும் நுரையும் பிரியும் கோடு கழுத்தின் அடியில் நிற்கும்படி வைத்துவிட்டு விலகு. உள்சுவரில் வழவழப்பு படிந்த பிறகுதான் அது நிதானத்துக்கு வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. கப்பில் கடுங்காப்பி நிறத்தில் சேர்ந்தால் சரி. இளம் டீ நிறம் என்றால் தண்ணீர் அதிகமாகப் போகிறது. மீன் அதிகம் இருந்தால் அதுவும் தப்பில்லை, போன உப்புத் தண்ணீரை ஈடுகட்டினால் போதும்.

கரண்ட் போய் வந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். சம்பில் அப்போது 12 அங்குலம் தண்ணீர் இருக்குமே, ஸ்கிம்மர் முழுகிக் கிடக்கும். கரண்ட் வந்ததும் கப் நிறைய வழிந்து, பழைய அழுக்கெல்லாம் திரும்பச் சம்புக்குள் விழும். ரிட்டர்ன் மோட்டார் முதலில் ஓடி, ஸ்கிம்மர் ஐந்து நிமிஷம் கழித்து ஓடும்படி ஒரு டிலே டைமர் வை.

நம் வீட்டு வழக்கங்கள்

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையைத் தொட்டிக்குள் விடாதே. எண்ணெய் பட்டால் நுரை உடனே செத்துவிடும், மறுபடி வர அரை நாள் ஆகலாம். எண்ணெய்ப் பசையுள்ள இரை போட்டாலும் அதேதான். ஸ்கிம்மர் கெட்டுவிட்டது என்று கழற்றாதே, காத்திரு.

ஸ்கிம்மர் அறைக் காற்றை நாள் முழுக்க இழுத்துத் தண்ணீருக்குள் அரைக்கிறது. கொசுவத்தி, கொசு விரட்டும் லிக்விட், சாம்பிராணி, பெயின்ட் வாசனை எல்லாமே உள்ளே போகும். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகைகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். அந்த அறையில் கொசுவலை கட்டு. காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் இன்னும் நல்லது.

இரும்பு கிளாம்ப், பித்தளை வால்வ், செம்புக் கம்பி எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது. செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஸ்விட்ச் போர்டை சம்புக்கு மேலே வைக்காதே, பக்கவாட்டில் வை. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் தொட்டிக்குக் கரண்ட் கொடுக்காதே. இதில் மட்டும் உன்னோடு பேரம் கிடையாது.

தண்ணீர், உப்பு, வெயில்

நீ ஞாயிற்றுக்கிழமை கேனோடு வந்தால் முகத்துவாரத்தில் மொள்ளாதே. அங்கே பாதி தாமிரபரணி. முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, ஏற்றம் ஏறும் நேரத்தில், கடல் தெளிந்திருக்கும் நாளில் எடுக்கலாம். அடர்த்திமானி 1.025 காட்ட வேண்டும். இருட்டில் இரண்டு நாள் வைத்துத் தெளியவிட்டு வடிகட்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு நம் ஊரைத் துண்டித்தது. கடலே செம்மண் நிறத்தில் கிடந்தது, பிறகும் பல நாள் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது. அதனால் கார்த்திகைக்கு முன்பே 100 லிட்டர் மூடி வைத்துக்கொள்.

"நம்ம உப்பளத்து உப்பைக் கரைச்சா கடல் தண்ணிதானே" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். உப்பளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் தனியே படிந்துவிடும். நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 25 டிகிரிக்கு வந்தால்தான் சமையல் உப்பு பூக்கும். அதன்பின் மக்னீசியமெல்லாம் கசப்பு நீரில் நின்றுவிடும், அதை வடித்துவிடுவார்கள். கையில் கிடைப்பது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும். குழம்புக்கு அது பொன், தொட்டிக்கு ஆகாது. கடல் தண்ணீர் கிடைக்காத நாளுக்குத் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை ஒரு பாக்கெட் வைத்திரு.

பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அப்போது ஸ்கிம்மர் இழுக்கும் காற்று மீனுக்கு மூச்சு. சம்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வை. நம் கடற்கரைப் புழுக்கத்தை விட உங்கள் உலர்ந்த காற்றில் அது நன்றாகக் குளிர்விக்கும். நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் கடைசி அறையில் இரண்டு அங்குலம் இறங்கும். அதை நல்ல தண்ணீரால் நிரப்பு, உப்புத் தண்ணீரால் நிரப்பாதே. உப்பு ஆவியாகாது, உள்ளேயேதான் இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் உரச் சத்து இருக்கும், பாசி பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் மினரல் சேர்க்கும் குழல் இருந்தால் அதற்கு முன்னாலிருந்து பிடி.

கரண்ட் நாள் கணக்கில் போனால் முழு செட்டையும் இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்ப் போதும். இரையை நிறுத்து. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் மீன் சாகாது, ஆக்சிஜன் இல்லாமல் செத்துவிடும்.

கடலிலிருந்து எடுக்கக் கூடாதது

கரையில் ஒதுங்கிய பவளக்கல்லைச் சம்பில் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்த கல்லானாலும் வீட்டில் வைத்திருந்தால் குற்றம். சட்டம் கிடக்கட்டும். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாரை வெட்டி வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. நம் தொட்டிக்குப் பீங்கான் வளையமும் சிமென்ட்டில் வார்த்த கல்லும் போதும். அவற்றின் துளைகளிலும் பாக்டீரியா குடியிருக்கும்.

கோமாளி மீனும் கடலில் பிடித்ததாக வேண்டாம். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். குஞ்சகத்தில் பிறந்தது என்று சொல்லி விற்பவரிடம் வாங்கு. தொட்டியில் பிறந்த மீன் நாம் போடும் இரையைத் தயங்காமல் தின்னும்.

கிழமைக் கணக்கு

இரண்டு நாளைக்கு ஒருமுறை கப்பைக் கொட்டு, கழுத்தைத் துடை. கழுத்தில் பசை படிந்தால் நுரை ஏறாது. வாரம் ஒருமுறை காற்றுக் குழாயில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் கொஞ்சம் இழுக்க விடு. உள்ளே கட்டிய உப்பு கரையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊற வை. மருந்து ஊற்றும் நாளில் ஸ்கிம்மரை நிறுத்து, இல்லையென்றால் மருந்தையும் கப்பில் பிடித்துக் கொடுத்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. சம்ப் வந்ததும் மீன் இல்லாமல், உப்பு இல்லாமல், வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டு. 8 அங்குலத்தில் ஓடவிட்டு மெயின் ஸ்விட்சை அணை. தண்ணீர் ஏறி எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியில் ஒரு கோடு போடு. மறுபடி ஓட்டு, மறுபடி அணை. மூன்று தடவையும் அதே கோட்டில் நின்றால், ஓடும்போது எவ்வளவு நின்றது என்று இன்னொரு கோடு போட்டு, பக்கத்தில் "இதுக்கு மேல ஊத்தாதே" என்று எழுதி வை. உன் பெண்டாட்டிக்கும் அதைக் காட்டு. நீ ஊரில் இல்லாத நாளில்தான் கரண்ட் போகும்.

இரண்டு கோடும் எத்தனை அங்குலத்தில் வந்தன என்று எனக்குச் சொல்லு. முதல் அறையின் உள்ளளவையும் சொல்லு. அந்த ஏழு படத்தில் எது என்று அப்புறம் பார்ப்போம்.